மெஷினுக்கு அடியில் ஒரு பொட்டு

ஆகஸ்ட் 5, திங்கள்

இன்று தணிகாசலம் அண்ணன் கேபினுக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். இத்தனை வருடத்தில் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தது இதுதான் முதல் தடவை. ஏதோ பெரிய தப்பு நடந்துவிட்டது என்று நினைத்தேன்.

"யசோதா, கம்போடியாவுலேருந்து ஆறு பொண்ணுங்க வர்றாங்க. ஒரு மாசம் நம்ம லைன்ல இருப்பாங்க. நீதான் சொல்லிக் குடுக்கணும்."

"அவங்க எதுக்குண்ணா நம்ம ஊருக்கு?"

"அங்க பையரோட இன்னொரு கம்பெனி வருது. சாதா மாடல் அங்க போவும், காஸ்ட்லி மாடலெல்லாம் நமக்கு வரும். நாம வாத்தியாரு மாதிரி. வாத்தியார எவனாவது வேலைய வுட்டுத் தூக்குவானா?"

வேலையை விட்டுத் தூக்குவதைப் பற்றி நான் கேட்கவே இல்லை. அவராகத்தான் சொன்னார். பிறகு "ஆவட்டும், ஆவட்டும்" என்று மோதிர விரலால் மேஜையைத் தட்டினார். பேச்சு முடிந்தது, எழுந்து போ என்று அதற்கு அர்த்தம்.

ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிகளுக்குக் குறைவில்லை. எங்கள் கம்பெனியில் பையருக்காக, அதாவது ஷூ வாங்குகிற வெளிநாட்டுக்காரனுக்காக, அப்பர் தைக்கிறோம், ஷூவின் மேல்பகுதி. அடிப்பாகம் இத்தாலியிலிருந்தும் ஜிப் தைவானிலிருந்தும் வரும். எல்லாம் ஒன்றாகி எங்கேயோ பனி பெய்கிற ஊரில் யாரோ காலில் ஏறும். முப்பத்தெட்டு பெண்கள் இருக்கிற லைனுக்கு நான் சூப்பர்வைசர். பெங்களூருக்கு வேலைக்குப் போன என் வீட்டுக்காரர் திரும்பி வராதபோது, மூன்று வயது மகள் நிவியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற என்னை இங்கே சேர்த்துவிட்டவர் அண்ணன்தான். எங்கள் தெருக்காரர். வெட்டுமேஜையில் தொடங்கி புரொடக்‌ஷன் மேனேஜர் வரை ஏறியவர். எனக்குக் கூடப்பிறந்தவன் இல்லை. நிவிக்குக் காது குத்தியபோது அவர் மடியில்தான் உட்கார வைத்தோம். தோடும் அவர் போட்டதுதான்.

அவர் சொன்னால் செய்ய வேண்டியதுதான். ஆனால் பாஷை தெரியாதவர்களுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

ஆகஸ்ட் 12, திங்கள்

வந்துவிட்டார்கள். ஆறு பேரும் சின்னப் பெண்கள். கேன்டீன் சாம்பாரைப் பார்த்து ஒருத்தி கண் கலங்கிவிட்டாள். நம் கஸ்தூரி சும்மா இருப்பாளா? "நாங்க தெனம் அழுவறோம், இவ ஒருநாள் அழுவட்டும்" என்றாள். கஸ்தூரிக்கு நாக்கில் ஊசி இருக்கிறது. ஆனால் லைனில் அவளை மாதிரித் தைக்க ஆள் இல்லை.

ஆகஸ்ட் 14, புதன்

கேஸ் தீர்ந்துவிட்டது. விறகில் சமைத்து, வேனைத் தவறவிட்டு, ஆட்டோவில் போனேன். நாள் முழுக்க எரிச்சல்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

அந்த அழுத பெண்ணின் பெயர் போபா. பூ என்று அர்த்தமாம், போனில் காட்டினாள். எங்கள் பெண்களுக்குச் சொல்ல வேண்டுமா, அன்றே அவள் தலையில் ஒரு முழம் மல்லிகை ஏறிவிட்டது. "அக்கா", "மெதுவா", "சாப்டியா" என்ற மூன்று வார்த்தைகளை வைத்துக்கொண்டு ஒரு லைனையே ஓட்டுகிறாள். மீதி எல்லாம் போன் மொழிபெயர்க்கிறது. அது பேசும் தமிழைக் கேட்டால் சிரிப்பு வரும். "மரியாதைக்குரிய மூத்த சகோதரியே, எனது சிறுநீர் கழிக்கும் அறை எங்கே" என்று நேற்று என்னைக் கேட்டது.

அண்ணன் "எதையும் ஒளிக்காம சொல்லிக்குடு" என்றார். வழக்கமாக எங்கள் பெண்கள் ஆளுக்கொரு கைவேலையை அடுத்தவளுக்குக் காட்டாமல் வைத்திருப்பார்கள். ஷூவின் மூக்குப் பக்கம் வளையும் இடத்தில் தோல் சுருங்காமல் தைப்பது கஸ்தூரியின் ரகசியம். ஓரத்தில் மெழுகுவர்த்தியை ஒரு தேய்ப்பு தேய்த்துவிட்டு, பெடலில் காலை எடுத்து எடுத்து மிதிப்பாள். எனக்கே அதை இரண்டு வருடம் கழித்துத்தான் சொன்னாள். விருந்தாளிகள்தானே என்று இன்று அவளையே காட்ட வைத்தேன். "உனுக்காகத்தான் காட்றேன்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு காட்டினாள்.

ஒன்றை மட்டும் நான் போபாவுக்குச் சொல்லவில்லை. ஏழாம் நம்பர் மெஷின் நூல் விட்டு விட்டுத் தைக்கும். அதற்கு ஒரு வழி இருக்கிறது. நான் டெய்லராக இருந்தபோது உட்கார்ந்த மெஷின் அது, அதன் கோணங்கித்தனம் எனக்குத் தெரியும். ஆனால் அந்த மெஷின் இங்கேதானே இருக்கப்போகிறது, அவளுக்கு எதற்கு என்று விட்டுவிட்டேன்.

டீ நேரத்தில் அண்ணன் போபாவிடம் அவர்கள் பாஷையில் ஒன்று இரண்டு மூன்று கற்றுக்கொள்கிறார். ஐம்பது வயதில் என்ன ஆர்வம் பாருங்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

செப்டம்பர் 13, வெள்ளி

ஆறு பேரும் கிளம்பினார்கள். போபா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடவே இல்லை. ஆளுக்கு ஒரு எவர்சில்வர் டப்பாவில் முறுக்கு கொடுத்தனுப்பினோம். வீட்டுக்கு வந்தால் நிவிக்குக் காய்ச்சல். நர்ஸிங் படிக்கிறவள், மாத்திரை போடச் சொன்னால் மட்டும் ஓடுகிறாள்.

செப்டம்பர் 18, புதன்

வாணியம்பாடி ரோட்டில் புதுக் கம்பெனி ஒன்று டெய்லர் எடுக்கிறது. இங்கே கொடுப்பதைவிடச் சம்பளம் கூட. கஸ்தூரியும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரும் போவதாகச் சொன்னார்கள்.

"இங்க இன்னாடி கொறைச்சல்?" என்றேன்.

"கொறைச்சல் இல்லக்கா. ஆனா ஒரு மாசமா ஆர்டர் பாதியா வருது. நீ பாக்கலியா?"

பார்த்தேன். பையர் ஊரில் இப்போது சீசன் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அதையேதான் அவளிடமும் சொன்னேன்.

"நம்ம கைவேலைய எல்லாம் வாங்கிக்கினு போயிட்டாங்க. அத்தையும் நீ பாக்கலியா?" என்றாள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. உன் புத்தி எப்போதும் கோணல்தான் என்று கத்திவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 19, வியாழன்

கோபம் போனாலும் அந்தக் கேள்வி போகவில்லை. நேரே அண்ணனிடம் போய்க் கேட்டேன். "அண்ணா, பொண்ணுங்க கெளம்பறாங்க. நான் புடிச்சி வெக்கவா, வுட்டுடவா? உண்மைய சொல்லுங்க."

அவர் கொஞ்ச நேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார், "டிசம்பர் ஷிப்மென்டு ஒன்னு பெருசா கீது. இப்ப டெய்லருங்க போனா நம்ம கதி அவ்ளோதான். யாரையும் வுடாத. இந்தப் பொங்கலு இல்ல, அடுத்த பொங்கலுக்கும் இந்த லைன் ஓடும். நிவி மேல சத்தியம்."

என் மகள் மேல். அவர் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டவள் மேல். அதற்கு மேல் நான் என்ன கேட்பது?

சாப்பாட்டு நேரத்தில் எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னேன். அண்ணன் நிவி மேல் சத்தியம் செய்ததையும் சொன்னேன். ஒருத்தியும் போகவில்லை. கஸ்தூரி கடைசியாக, "உன் வார்த்தைக்குத்தான் நிக்கிறேன். அவுரு வார்த்தைக்கு இல்ல" என்றாள்.

செப்டம்பர் 20, வெள்ளி

நிம்மதியாகத் தூங்கினேன்.

அக்டோபர் 10, வியாழன்

நாளை ஆயுத பூஜை லீவு. வருடா வருடம் முதல் நாளே ஹாலைக் கழுவி, மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, பொரி கடலை கொடுப்போம். எந்த மதத்துக்காரப் பெண்ணாக இருந்தாலும் தன் மெஷினைத் தானே துடைத்து வைப்பாள். கோலம்கூடப் போடுவோம்.

இந்த வருடம் மெஷின் மேல் எதுவும் வைக்கக் கூடாது என்று அண்ணன் சொல்லிவிட்டார். பையர் ஆடிட்டாம். கறை ஆகிவிடுமாம். வாசலில் ஒரு படத்துக்கு மட்டும் மாலை போட்டு, ஐந்து நிமிஷத்தில் கற்பூரம் காட்டி முடித்தார். பெண்களுக்கு முகம் செத்துப்போனது. துடைத்த மெஷினுக்குப் பொட்டு வைக்காமல் போவது, குளிப்பாட்டிய பிள்ளையை அப்படியே விட்டுவிட்டுப் போவது மாதிரி.

எனக்கு மனசு கேட்கவில்லை. எல்லாரும் போன பிறகு, ஏழாம் நம்பர் மெஷினுக்கு அடியில் கையை விட்டு, எண்ணெய்த் தட்டுக்குப் பக்கத்தில் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்தேன். குனிந்து பார்த்தால்தான் தெரியும். எந்த ஆடிட்காரன் மண்டி போட்டுப் பார்க்கப்போகிறான்?

அக்டோபர் 19, சனி

மெஷின்களையெல்லாம் சர்வீசுக்குச் சென்னைக்கு அனுப்புகிறார்களாம். மதியத்திலிருந்து துடைத்து, எண்ணெய் விட்டு, பிளாஸ்டிக் கவர் சுற்றினோம். "தீபாவளிக்கு முன்ன வந்துடும், புது மாடல் ஆரம்பிக்குது" என்றார் அண்ணன். நான் நல்லா இறுக்கிக் கட்டுங்கடி, லாரியில் ஆடக்கூடாது என்று ஒவ்வொருத்தியையும் அதட்டிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்ததும் முதுகு விட்டுப்போனது. நிவி தைலம் தேய்த்தாள்.

சர்வீசுக்கு எதற்கு மரப்பெட்டி என்று கஸ்தூரி கேட்டாள். நீ முடிச்சைப் பார்த்துப் போடு என்றேன்.

அக்டோபர் 24, வியாழன்

கேட்டில் நோட்டீஸ்.

அக்டோபர் 25, வெள்ளி

நேற்று எழுத முடியவில்லை. லைனை மூடிவிட்டார்கள். சட்டப்படி என்ன தர வேண்டுமோ, தீபாவளி போனஸ் உட்பட, பேங்கில் போட்டுவிட்டார்களாம். அதிலே ஒரு குறையும் சொல்ல முடியாதாம். யூனியன்காரரே சொல்கிறார். பையர் வேறு நாட்டில் தைத்துக்கொள்ளப் போகிறான். அங்கே வரி குறைவோ கூலி குறைவோ, ஏதோ ஒன்று. எந்த நாடு என்று நோட்டீஸில் இல்லை.

கேட்டுக்கு வெளியே அண்ணனும் எங்களோடு நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "எனுக்கும் அதே லெட்டர்தாம்மா. மேல இருக்கறவன் என்னையும் ஏமாத்திட்டான்" என்றார். அதுவரை அவரைத் திட்டிக்கொண்டிருந்த பெண்கள்கூட அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். கஸ்தூரி மட்டும் தள்ளி நின்று என்னைப் பார்த்தாள். அவரை அல்ல, என்னை.

வாணியம்பாடி ரோட்டுக் கம்பெனிக்கு இன்று காலை ஒன்பது பேர் போனார்கள். ஆள் எடுத்து முடித்து மூன்று வாரம் ஆகிறதாம்.

அக்டோபர் 31, வியாழன். தீபாவளி

வருடா வருடம் அண்ணன்தான் நிவிக்குத் துணி எடுப்பார். இந்த வருடம் அவரே வேலையில்லாமல் இருக்கிறார், பாவம். அதனால் நான் அவருக்கு ஒரு சட்டை எடுத்துக்கொண்டு போனேன். கிளிப்பச்சையில் கட்டம் போட்டது. கூடவே கறிக்குழம்பு. சட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு, "எனுக்குப் போய் எதுக்கு யசோதா" என்றார். சென்னையில் வேலை தேடப் போகிறாராம். கிடைத்ததும் என்னையும் கூப்பிடுகிறேன் என்றார்.

எங்களுக்கு எண்ணெய்க் குளியல், இட்லி, நேற்று சுட்ட அதிரசம். வெடி வாங்கவில்லை.

நவம்பர் 11, திங்கள்

ரேஷன் கடையில் கஸ்தூரியைப் பார்த்தேன். நான் போய்ப் பேசினேன். அவள் முகத்தைத் திருப்பவில்லை, அதைச் செய்திருந்தால்கூடத் தேவலாம்.

"உனுக்குத் தெரியும்" என்றாள்.

"சத்தியமா தெரியாதுடி."

"சத்தியத்த வுடு. அத்த வெச்சித்தான் எங்கள கட்டிப்போட்ட. என் பையன் பீஸு கட்ல, வீட்ல கீறான். போவட்டும்னு வுட்டிருந்தியானா இந்நேரம் நான் அங்க தெச்சிக்கினு இருப்பேன்."

வரிசையில் நின்ற எங்கள் லைன் பெண்கள் நாலு பேரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். ஒருத்தியும் அப்படியில்லை என்று சொல்லவில்லை. அரிசி வாங்காமல் வந்துவிட்டேன்.

அண்ணனையும் ஏமாற்றியிருக்கிறார்கள், அவர் என்ன செய்வார்? இதை யாருக்குச் சொல்லிப் புரிய வைப்பது?

நவம்பர் 27, புதன்

ஒரு வீட்டில் சமையல் வேலை கிடைத்திருக்கிறது. வெங்காயம் நறுக்கும்போது கை தானாக நேர்கோடு தேடுகிறது.

அண்ணன் போன் எடுப்பதே இல்லை. அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணி வாசல் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டே, "சென்னையில சிக்னல் கெடைக்கறதில்ல" என்றார். நான் சிரித்துவிட்டேன். எங்கள் மலையடிவாரத்திலேயே சிக்னல் கிடைக்கிறது. உள்ளே வா என்று அண்ணி கூப்பிடவில்லை. எதிர்வெயிலில் நின்றேன், அவர் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

டிசம்பர் 15, ஞாயிறு

இந்தக் கம்பெனி வருவதற்கு முன் எங்கள் தெருவில் பாதிப் பேர் பீடி சுற்றினார்கள், மீதிப் பேர் தோல் ஊறவைக்கும் தொட்டியில் நின்றார்கள். அதை நான் மறக்கவில்லை. வீட்டில் கக்கூஸ் கட்டியது, கேஸ் வாங்கியது, நிவியை நர்ஸிங் சேர்த்தது எல்லாம் அந்த ஷூவால் வந்ததுதான். சம்பளம் தன் கணக்கில் வந்த பிறகுதான் கஸ்தூரி அடிக்கிற புருஷனைத் திருப்பிக் கேள்வி கேட்டாள். உலகத்தின் கயிறு எங்கள் தெருவரைக்கும் வந்தது, பிடித்துக்கொண்டு ஏறினோம். இழுத்துக்கொள்ளும்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் கேட்பது அவ்வளவுதான்.

ஜனவரி 9, வியாழன்

இன்று மதியம் போபாவிடமிருந்து போனுக்கு ஒரு வீடியோ வந்தது. கீழே அந்தப் போன் தமிழ்: "மரியாதைக்குரிய மூத்த சகோதரியே, நூல் குதிக்கிறது. மெக்கானிக்குக்குத் தெரியவில்லை. எனது இலக்கு முடிவதில்லை. உதவி செய்க."

புதுக் கம்பெனி, வெள்ளைச் சுவர், வரிசையாக மெஷின்கள். அவள் போனைக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்து, ஊசியைக் காட்டி, அதன் அடியையும் காட்டுகிறாள். எண்ணெய்த் தட்டுக்குப் பக்கத்தில் காய்ந்து வெடித்த சந்தனம். நடுவில் குங்குமம்.

நான் வைத்த பொட்டு.

நாலைந்து தடவை பார்த்தேன். பாத்திரம் கழுவுகிற ஈரக்கையோடு அந்த வீட்டுச் சமையலறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நானே எண்ணெய் விட்டு, நானே இறுக்கிக் கட்டி அனுப்பியிருக்கிறேன். வழியில் ஆடக்கூடாது என்று வேறு அதட்டினேன்.

வீடியோ அதோடு முடியவில்லை. போபா நிமிரும்போது பின்னால் ஒரு ஆள் நடந்து வருகிறார். கிளிப்பச்சையில் கட்டம் போட்ட சட்டை. பக்கத்து மேஜையை மோதிர விரலால் தட்டிவிட்டு, அவர்கள் பாஷையில் ஏதோ எண்ணுகிறார். பிறகு, "ஆவட்டும், ஆவட்டும்" என்கிறார்.

ஜனவரி 10, வெள்ளி

வேலைக்குப் போகவில்லை. நிவியிடம் காட்டினேன். அவள் காதில் இருந்த தோட்டைக் கழற்றி அலமாரியில் வைத்தாள்.

எனக்கு எரிகிறது. வேலை போனதற்கு அல்ல. ஊரில் யாருக்குத்தான் வேலை போகவில்லை? கேட்டில் நின்று எங்களோடு அழுதாரே, அதற்கு. என் குழம்பைச் சாப்பிட்டாரே, அதற்கு. அவருக்காக நான் கஸ்தூரியோடு சண்டை போட்டேனே, அதற்கு. அன்று ஜன்னலைப் பார்த்த அந்தக் கொஞ்ச நேரத்தில், அவர் யார் பெயரைச் சொல்லலாம் என்று தேடியிருக்கிறார். என் பிள்ளை பெயர் கிடைத்திருக்கிறது.

ஜனவரி 12, ஞாயிறு

கஸ்தூரி வீட்டுக்குப் போனேன். செருப்பைக் கழற்றாமல் வெளியே நின்றபடியே போனை நீட்டினேன். அவள் முழுதும் பார்த்தாள். அடுத்த தடவை பொட்டு வந்த இடத்தில் நிறுத்திக் கேட்டாள்.

"இது நீ வெச்சதா?"

"ஆமாண்டி. ஆயுத பூஜைக்கு."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் வாங்கிக்கொள்ளத்தான் போயிருந்தேன். அவள் போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "உனுக்குத் தெரியாதுதான்" என்றாள். பிறகு, "ஆனா தெரிஞ்சிக்கினு இருந்திருக்கணும். நான் கேட்டேன் இல்ல" என்றாள்.

கிளம்பும்போது கேட்டாள், "அந்தப் பொண்ணுக்குப் பதில் சொன்னியா?"

"எதுக்குச் சொல்லணும்? நூலு அறுந்து நாசமா போவட்டும்."

"அறுந்தா அவருக்கா போவும்? டார்கெட் முடிக்கலன்னா அவ சம்பளத்துலதான் கை வெப்பான். சொல்லிடு. என் மெழுகுவர்த்தியவே குடுத்துட்டோம், இதுல இன்னா இருக்குது."

ஜனவரி 13, திங்கள். போகி

விடிய எழுந்து பழைய பாயையும் துடைப்பத்தையும் கொளுத்தினோம். கம்பெனி யூனிஃபார்ம் சட்டையையும் போடலாமா என்று நிவி கேட்டாள். நல்ல துணி, கரித்துணிக்கு ஆகும் என்று எடுத்து வைத்தேன்.

பிறகு உட்கார்ந்து போபாவுக்குப் பேசி அனுப்பினேன். ஊசியை ஒரு நூலளவு மேலே ஏற்றி முடுக்கு. முதல் இரண்டு தையலை மிதிக்காமல், கையால் சக்கரத்தைச் சுற்றிப் போடு. பிறகு ஓட்டு, நூல் குதிக்காது. அடியில் இருக்கும் பொட்டைத் துடைக்காதே. இனி விருந்தாளிகள் வருகிறார்கள், சொல்லிக்கொடு என்று யாராவது உன்னை நாற்காலியில் உட்கார வைத்தால், அன்றே வேறு வேலை தேடு.

கடைசியாக ஒன்று சேர்த்தேன். உன் மேனேஜரிடம் சொல், நிவி நன்றாக இருக்கிறாள் என்று யசோதா சொன்னாள்.

கேட்டுவிட்டாள் என்று இரண்டு நீலக்கோடு உடனே விழுந்தது. பதில் மதியம்தான் வந்தது, நான் பொங்கப் பானைக்கு மஞ்சள் கொத்து வாங்கக் கடைத்தெருவில் நின்றபோது.

"மரியாதைக்குரிய மூத்த சகோதரியே, இயந்திரம் நன்றாக ஓடுகிறது. மிக்க நன்றி. மேலாளரிடம் கூறினேன். நிவி என்று யாரையும் தனக்குத் தெரியாது என்று அவர் கூறினார்."

கீழே ஒரு பூப்படம் போட்டிருந்தாள்.